ஃபிலிம் போச்சு, கண்ணாடி போகலை

என் சித்தப்பா மும்பையில் ஒரு ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே பிரிவில் டார்க் ரூம் அசிஸ்டென்டாக இருந்தவர். சிவப்பு பல்பு, டெவலப்பர் தொட்டி, ஃபிக்ஸர் தொட்டி, ஈர ஃபிலிமைக் கிளிப்பில் மாட்டித் தொங்கவிடுவது, இருபது வருடத்துக்கு மேல் அவருக்கு இதுதான் வேலை. தாராவி வீட்டுக்குள் அவர் கால் வைக்கும் முன்பே அந்தக் காடி வாடை உள்ளே வந்துவிடும். அப்புறம் ஒருநாள் கம்ப்யூட்டர் எக்ஸ்ரே வந்தது. ஃபிலிம் போச்சு, தொட்டி போச்சு, அந்த இருட்டறையில் பழைய ஃபைல்களை அடுக்கிவிட்டார்கள். சித்தப்பாவை ரெஜிஸ்ட்ரேஷன் கவுன்ட்டரில் உட்காரவைத்தார்கள். ரிட்டயர் ஆகும்வரை அங்கேதான் டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தார்.

அதனால், சதைத் துண்டைச் சோதிக்கும் எங்கள் ஹிஸ்டோபெத்தாலஜி லேபுக்கு, ஸ்லைடைப் படம் எடுத்துக் கம்ப்யூட்டர் திரையில் காட்டும் ஸ்லைடு ஸ்கேனர் வரப்போகிறது என்று நான் சொன்னதும் அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு, "ஏட்டி, உனக்கும் அதே கததானா?"

நானும் அப்போது அப்படித்தான் பயந்துகொண்டிருந்தேன். ஸ்கேனர் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. சித்தப்பாவுக்கு நடந்தது எங்களுக்கு நடக்கவில்லை. நடந்தது வேறு ஒன்று, அதைச் சொல்லத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில், தெரியாதவர்களுக்காக, நாங்கள் செய்யும் வேலை. ஆபரேஷனிலோ ஊசியிலோ எடுத்த சதைத் துண்டு ஃபார்மலினில் ஊறிக்கொண்டு எங்களிடம் வரும். டாக்டர் அதைப் பார்த்து, அளந்து, எத்தனை துண்டு, என்ன நிறம் என்று எழுதிவிட்டுக் கேசட்டில் போடுவார். இதற்குப் பெயர் கிராஸிங். ராத்திரி முழுக்க மெஷினுக்குள் ஆல்கஹால், சைலீன், உருக்கிய மெழுகு என்று ஒவ்வொன்றிலும் அது குளித்து எழும். காலையில் நாங்கள் அதை மெழுகு பிளாக்காக வார்த்து, மைக்ரோடோமில் மூன்று நான்கு மைக்ரான் கனத்துக்குச் சீவுவோம். ரத்தச் சிவப்பணு ஒன்றின் அகலமே ஏழெட்டு மைக்ரான் இருக்கும், அதில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிப்பன் போல நீண்டு வருவதை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, சுருக்கம் விழாமல் கண்ணாடி ஸ்லைடில் ஏந்தி எடுத்து, ஹிமடாக்ஸிலின் நீலமும் இயோசின் ரோஸும் ஏற்றி, டிபிஎக்ஸ் பசை ஒரு சொட்டு வைத்துக் கவர்ஸ்லிப்பை மூடினால் ஸ்லைடு ரெடி.

சீவுகிற வேலைக்கு லேபில் பெயர் கட்டிங். மும்பையில் கட்டிங் என்றால் அரை கிளாஸ் டீ. புதிதாகச் சேர்ந்த பையனிடம் "அக்கா கட்டிங்கில் இருக்காங்க" என்று சொல்ல, அவன் கீழே டீக்கடை வரைக்கும் போய் என்னைத் தேடிவிட்டு வந்தான்.

இத்தனையும் முடிந்த பிறகுதான் ஸ்கேனரின் முறை வருகிறது. இந்த இடத்தில்தான் எக்ஸ்ரேக்கும் எங்களுக்கும் வித்தியாசம். எக்ஸ்ரேயில் உடம்புக்கும் திரைக்கும் நடுவே இருந்த ஃபிலிம் காணாமல் போனது, அதோடு டார்க் ரூமும் போனது. எங்களிடம் எதுவும் போகவில்லை. பிளாக் வேண்டும், கட்டிங் வேண்டும், சாயம் வேண்டும், கண்ணாடி வேண்டும், சைலீன் நெடியும் அப்படியே இருக்கிறது. அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி கொடுக்கும் எஃப்டிஏ 2017 ஏப்ரலில்தான் முதன்முதலாக, திரையில் ஸ்லைடைப் பார்த்தே டாக்டர் ரிப்போர்ட் கொடுக்கலாம் என்று ஒரு முழு ஸ்லைடு ஸ்கேனர் அமைப்பை அனுமதித்தது, அது பிலிப்ஸ் கம்பெனியுடையது. அதற்கும் யாரோ ஒருத்தி கண்ணாடியில் ஏந்திக் கொடுத்தால்தான் வேலை. ஆக, நாலு படி இருந்த இடத்தில் ஐந்தாவது படி ஒன்று கூடியிருக்கிறது, நாலில் ஒன்றும் குறையவில்லை. இதை எங்கள் நிர்வாகத்துக்குப் புரியவைக்கவே ஆறு மாதம் ஆனது. மெஷின் வாங்கிவிட்டோமே, இன்னும் எதற்கு ஆள் கேட்கிறீர்கள் என்றார்கள்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன், எனக்கே தலை சுற்றிய கணக்கு. 40 எக்ஸில் ஸ்கேன் செய்தால் ஒரு பிக்சல் 0.25 மைக்ரான். ஸ்லைடில் திசு இருக்கும் இடம் 15 மில்லிமீட்டருக்கு 15 மில்லிமீட்டர் என்றால் அந்தப் பக்கம் 60,000 பிக்சல், இந்தப் பக்கம் 60,000 பிக்சல், மொத்தம் 360 கோடி. சுருக்காமல் வைத்தால் பத்து ஜிபிக்கு மேல் வரும். சுருக்கிய பிறகும் ஒரு ஸ்லைடுக்கு ஒரு ஜிபி என்று வைத்தால், நாளைக்கு 300 ஸ்லைடு, மாதத்துக்கு 25 நாள், 7.5 டெராபைட். முன்பு எங்கள் ஸ்டோரேஜ் பிரச்சினை என்றால் மர டிராயரில் கரையான். இப்போது சர்வர் ரூம் ஏசி.

சரி, ஸ்கேனர் வந்த முதல் வாரத்துக்கு வருகிறேன். அந்த வாரம் எங்கள் மானம் கப்பலேறியது.

டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது ஒரு கை ஸ்லைடை நகர்த்தும், இன்னொரு கை ஃபோகஸ் குமிழியைத் திருகிக்கொண்டே இருக்கும். அவருக்கே தெரியாமல் திருகும். சீவியெடுத்த செக்ஷனில் ஒரு மடிப்பு இருந்தால், ஒரு பக்கம் கொஞ்சம் கனமாக இருந்தால், அந்தக் கை சரிசெய்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். இத்தனை வருடமாக நாங்கள் நல்லா கட்டிங் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோமே, அதில் பாதி அந்தக் கையின் புண்ணியம். ஸ்கேனருக்கு அந்தத் தயவெல்லாம் கிடையாது. அது தன் பாட்டுக்கு ஒரு தளத்தில் ஃபோகஸ் பிடித்துப் படம் எடுத்துவிடும். மடிப்பு இருந்தால் அந்த இடம் கலங்கல். கவர்ஸ்லிப் மேல் தூசி இருந்தால் சில சமயம் தூசிக்கு ஃபோகஸ் பிடிக்கும், தூசி பளிச்சென்று தெரியும், அடியில் இருக்கும் செல் எல்லாம் மங்கல். காற்றுக் குமிழி, விரல் ரேகை, டாக்டர்கள் மார்க்கர் பேனாவால் வைத்த புள்ளி, எல்லாமே அதற்குத் தொல்லைதான். பழைய ஸ்லைடை ஸ்கேன் செய்யும் முன் அந்தப் புள்ளிகளை ஸ்பிரிட் போட்டுத் துடைப்பதே தனி வேலையாகிவிட்டது.

மழைக்காலம் வந்தது, இன்னும் கேவலம். ஜூலை மாத மும்பையில் துணியே காயாது, டிபிஎக்ஸ் எங்கே காயும். ஆல்கஹால் வேறு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அந்த ஈரம் சைலீனுக்குப் போய் ஸ்லைடு பால் கலந்தாற்போல வெளுத்துவிடும். காய்ந்துவிட்டது என்று நினைத்து ராக்கில் போட்ட ஸ்லைடு பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு உள்ளே சிக்கி, மெஷின் நின்றுபோய், கண்ணாடி உடைந்து, எஞ்சினியர் வரும்வரை மூன்று நாள் பழைய வழிக்கே போனோம். காரணம், கவர்ஸ்லிப் ஸ்லைடின் ஓரத்தைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். முன்பெல்லாம் அதை யாரும் கவனித்ததே இல்லை, ஏன் கவனிக்க வேண்டும்?

நான் செய்த தப்பு ஒன்றையும் சொல்கிறேன். ஊரார் தப்பை மட்டும் எழுதினால் நன்றாக இருக்காது.

மார்பக ஊசி பயாப்ஸி. நீளநீளமாகச் சேமியா மாதிரி இருக்கும். காலை ஷிஃப்டில் நான்தான் ராக்கை ஏற்றினேன், ஸ்கேன் முடிந்தது, பச்சை டிக் வந்தது, அனுப்பிவிட்டேன். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது டாக்டர் மேடம் போன். கிராஸிங் குறிப்பில் ஐந்து என்று இருக்கிறது, திரையில் நாலுதான் தெரிகிறது, ஒன்று எங்கே என்று கேட்டார். ஓடிப்போய் ஸ்லைடைக் கையில் எடுத்து ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். நாலு துண்டு ரோஸும் நீலமுமாக நடுவில் இருந்தன. ஐந்தாவது, லேபிளை ஒட்டினாற்போல, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு வெளிறி ஒரு கோடு. முழுக்கக் கொழுப்பு. கொழுப்பு சைலீனில் கரைந்துபோய் வெறும் வலை மாதிரி மிச்சம் இருக்கும், சாயம் அதிகம் பிடிக்காது. ஸ்கேனர் முதலில் ஸ்லைடு முழுவதையும் ஒரு சின்னப் போட்டோ எடுத்து, எங்கே திசு இருக்கிறது என்று தானே ஒரு கட்டம் போட்டு, அந்தக் கட்டத்தை மட்டும்தான் பெரிதாக ஸ்கேன் செய்யும். ஐந்தாவது துண்டு அதன் கண்ணுக்குத் திசுவாகவே தெரியவில்லை. கட்டத்துக்கு வெளியே விட்டுவிட்டு, எல்லாம் முடிந்தது என்று பச்சை டிக் போட்டுவிட்டது.

கட்டத்தைக் கையால் இழுத்துப் பெரிதாக்கி மறுபடி ஸ்கேன் செய்தேன். அதில் ஒன்றும் இல்லை, வெறும் கொழுப்புதான். ஆனால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. மேடம் எண்ணிப் பார்க்காமல் விட்டிருந்தால்? அந்தத் துண்டின் ஓரத்தில் நாலு செல் இருந்திருந்தால்? மைக்ராஸ்கோப் காலத்தில் ஸ்லைடு டாக்டர் கைக்குப் போகும், வெறும் கண்ணிலேயே ஐந்து என்று தெரிந்துவிடும். இப்போது ஸ்லைடைக் கையில் பிடித்து வெறும் கண்ணால் பார்க்கும் கடைசி ஆள் நான். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, எந்த ட்ரெயினிங்கிலும் வரவில்லை. மறுநாளிலிருந்து கிராஸிங் பேப்பரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்லைடிலும் துண்டை எண்ணி, கட்டத்தோடு ஒத்துப்பார்த்துவிட்டுத்தான் பட்டனைத் தட்டுகிறேன். ஸ்லைடுக்குப் பத்து விநாடி. 300 ஸ்லைடு என்றால் ஐம்பது நிமிடம். இந்த ஐம்பது நிமிடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

ட்ரெயினிங் என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கேனர் விற்ற கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தார். இங்கே ராக் வைக்க வேண்டும், இங்கே லாகின், இங்கே ஸ்டார்ட், சிவப்பு விளக்கு எரிந்தால் இந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும். கடைசியில் குரூப் போட்டோ, சமோசா, ஆளுக்கொரு சர்டிஃபிகேட். அந்த சர்டிஃபிகேட்டில் என் பெயர் தப்பாக இருந்தது. அவர் மேல் குறை சொல்ல மாட்டேன், அவருக்குத் தெரிந்தது மெஷின், அதைச் சொல்லிக்கொடுத்தார். கலங்கலாக ஒரு படம் வந்தால் அது மெஷினின் தப்பா, பசையின் தப்பா, கட்டிங்கின் தப்பா என்று கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்டதற்கு, ரீஸ்கேன் செய்யுங்கள் என்றார். மடிப்பு விழுந்த செக்ஷனை நூறு தடவை ரீஸ்கேன் செய்தாலும் மடிப்பு மடிப்பாகத்தான் இருக்கும்.

எங்கள் சீனியர் அண்ணனுக்கு அந்த இரண்டு நாளும் நரகம். முப்பது வருடம் மைக்ரோடோம் பிடித்த மனிதர், பிளேடு மொக்கையானதை ரிப்பனைப் பார்க்காமல் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு, சாயந்தரம் ட்ரெயினில் என்னிடம், "மவுஸப் பிடிச்சா கை நடுங்குதும்மா, பிளேடப் பிடிச்சா நடுங்கல" என்றார். ஸ்கேனர் பக்கமே போகாமல் நாலைந்து மாதம் ஓட்டினார். இன்னும் சொல்லப்போனால், அவரை ஒதுக்கிவிடலாம் என்றே மேலே பேச்சு இருந்தது.

அதற்குள் ஸ்கேனருக்கென்று காண்ட்ராக்டில் ஒரு தம்பியை எடுத்தார்கள். கல்யாண் பக்கத்திலிருந்து வருகிறவன், பிசிஏ முடித்தவன், வீட்டில் தமிழ் பேசுவான், கோபம் வந்தால் இந்தி. கம்ப்யூட்டரில் கில்லாடி. ஃபோல்டர் கட்டுவது, பார்கோடு படிக்காத ஸ்லைடைச் சரியான கேஸ் நம்பரோடு கோர்ப்பது, சர்வர் நிரம்பும் முன் பழையதை வேறு இடத்துக்கு மாற்றுவது, எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் செய்வான். ஆனால் திசு எது, பசை வழிந்த கறை எது என்று தெரியாது. எங்களுக்குத் திசு தெரியும், ஃபோல்டர் தெரியாது. இரண்டு பேரையும் வேறு வேறு அறையில் உட்காரவைத்திருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

ஒருநாள் அவன் ஒரு படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, "அக்கா, இது மெஷின் ப்ராப்ளமா?" என்று கூப்பிட்டான். போனேன். திசு முழுக்கக் கடை ஷட்டர் மாதிரி வரிவரியாக, சம இடைவெளியில். கம்பெனிக்குப் புகார் எழுதிக்கொண்டிருந்தான். அண்ணன் டீ குடிக்கப் போகிற வழியில் எட்டிப்பார்த்தார். ஒரே விநாடி. "பிளேடு கிளாம்ப் லூஸா இருக்கு. இல்லேன்னா பிளாக் ஓவரா காஞ்சு போயிருக்கு. இரண்டாம் நம்பர் மைக்ரோடோம்தானே?" என்றார். போய்ப் பார்த்தால் இரண்டாம் நம்பர்தான், கிளாம்ப் திருகு அரைச் சுற்று தளர்ந்திருந்தது.

படத்தைப் பார்த்து அதற்கு முந்தைய நாள் வேறொரு அறையில் ஒரு திருகு தளர்ந்ததைச் சொல்ல முடிகிற ஆள் அந்தக் கட்டடத்திலேயே அவர் ஒருவர்தான். கம்பெனிக்காரரால் முடியாது, டாக்டரால் முடியாது, தம்பியால் முடியாது. அப்படியிருக்க, படத்தின் தரம் பார்க்கும் வேலைக்கு யார் வேண்டும்? அன்றைக்குப் பிறகு அண்ணனுக்கு ஸ்கேனர் மேல் பயம் போனது என்று சொன்னால் பொய். மவுஸை இன்னும் தம்பிதான் பிடிக்கிறான். அண்ணன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து "அங்க போ, நிறுத்து, பெருசாக்கு" என்கிறார். காலை ஒரு மணி நேரம் இது நடக்கிறது. அங்கே கிடைக்கும் படிப்பு அந்த இரண்டு நாளில் கிடைக்கவில்லை.

என் கதையும் உண்டு. பத்தொன்பது வருடம் ஸ்லைடு செய்திருக்கிறேன், ஆனால் ஸ்லைடுக்குள் என்ன இருக்கிறது என்று முழுதாகப் பார்த்ததில்லை. சாயம் சரியாக ஏறியிருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் ஒரு நொடி, அவ்வளவுதான், அப்புறம் ட்ரேயில் அடுக்கி அனுப்பிவிடுவோம். திரையில் பெரிதாகப் பார்த்தபோதுதான் தைராய்டு, ரோஸ் நிற அல்வாத் துண்டுகளை அடுக்கினாற்போல இருப்பது தெரிந்தது. சிறுநீரகத்தில் நூல்கண்டு நூல்கண்டாக இருக்கிறதே, அது என்ன என்று வெட்கத்தை விட்டு மேடத்திடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. புதன்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்து ஒரு ஸ்லைடு காட்ட ஆரம்பித்தார். தான் எதைத் தேடுகிறேன், எந்த ஓரம் தனக்கு முக்கியம், ஒரு மடிப்பு அந்த ஓரத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்று. மார்ஜின் (வெட்டியெடுத்த சதையின் வெட்டு ஓரம்) என்ற வார்த்தையைத் தினம் பத்துத் தடவை எழுதியிருக்கிறேன், அதன் அர்த்தம் அந்தப் புதன்கிழமைதான் முழுசாகப் புரிந்தது. அதன் பிறகு எம்பெடிங்கில், அதாவது மெழுகில் வார்க்கும்போது, துண்டைத் திருப்பி வைக்கும்போது கை தானாக ஒரு நிமிடம் நிற்கிறது. எங்களுக்கு வேண்டிய ட்ரெயினிங் இதுதான். காசு செலவில்லை. டாக்டரின் இருபது நிமிடம் வேண்டும், அது பல இடங்களில் காசைவிட அரிது.

டாக்டர்களுக்கும் கற்றுக்கொள்ளும் பாடு இருந்தது. அமெரிக்க பெத்தாலஜிஸ்டுகளின் அமைப்பான சிஏபி ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. ஸ்கேனரை நம்பும் முன் குறைந்தது 60 கேஸை ஒரே டாக்டர் கண்ணாடியிலும் திரையிலும் பார்க்க வேண்டும், இரண்டுக்கும் நடுவே இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும், முதலில் சொன்னது ஞாபகத்தில் இருக்கக் கூடாது என்பதற்காக. நல்ல விதி. ஆனால் அந்த 60 கேஸை ஸ்டோரிலிருந்து எடுத்து, துடைத்து, கலைத்து, நம்பர் மறைத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி வரிசை மாற்றிக் கொடுத்தது யார்? ஆளுக்கு 60 வீதம் நாலு டாக்டர். அந்த வேலைக்கும் வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லை. இவ்வளவுக்குப் பிறகும் சிலதற்குக் கண்ணாடிதான். காங்கோ ரெட் சாயம் போட்ட ஸ்லைடை போலரைஸ்டு வெளிச்சத்தில் பார்த்தால்தான் அமைலாய்டு என்ற புரதப் படிவு ஆப்பிள் பச்சையில் மின்னும், எங்கள் ஸ்கேனரில் அது வராது. ஊசியில் உறிஞ்சித் தேய்த்த ஸ்மியரில் செல்கள் மேலும் கீழும் குவிந்து கிடக்கும், ஒரே தளத்தில் எடுத்த படம் போதாது.

ஏஐ பற்றிக் கேட்கிறார்கள், ஒரு பத்தி. 2021 செப்டம்பரில் பேஜ் ப்ராஸ்டேட் என்ற மென்பொருளுக்கு எஃப்டிஏ அனுமதி கிடைத்தது, ப்ராஸ்டேட் பயாப்ஸி படத்தில் சந்தேகமான இடத்தை டாக்டருக்குக் காட்டிக்கொடுக்கும். எங்களிடம் அது இல்லை. செல்கள் எவ்வளவு பெருகுகின்றன என்று காட்டும் கேஐ-67 சாயத்தில் செல் எண்ணும் ஒரு மென்பொருளை மட்டும் சோதித்துப் பார்த்தோம். ஹிமடாக்ஸிலின் புது பாட்டில் உடைத்த அன்றைக்கு நீலம் கொஞ்சம் கூடிவிட்டது, மனிதக் கண்ணுக்குப் பெரிய வித்தியாசமில்லை, மென்பொருள் எண்ணிக்கை மாறிவிட்டது. ஆக அதன் வேலையும் சாயம் போடுகிறவள் கையில்தான் இருக்கிறது. தினமும் காலையில் கன்ட்ரோல் ஸ்லைடு ஒன்றைச் சாயம் போட்டு ஸ்கேன் செய்து நேற்றைய படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம், இதுவும் புதுசாகச் சேர்ந்ததுதான்.

ஸ்லைடு ஸ்டோர் மாமாவை விட்டுவிட்டேன். மராட்டிக்காரர், எல்லோருக்கும் மாமா. ட்ரேயைத் தூக்கிக்கொண்டு டாக்டர் அறை அறையாகப் போவதுதான் அவர் வேலையாக இருந்தது. ஸ்கேனர் வந்ததும் முதலில் போகப்போவது இவர்தான் என்று நான் நினைத்தேன். இப்போது லேபிலேயே அதிகம் தேடப்படும் ஆள் அவர்தான். பழைய கேஸோடு ஒப்பிட வேண்டும் என்றால் பழைய ஸ்லைடைத் தேடி எடுத்து ஸ்கேன் செய்ய வேண்டும், 2014 மார்ச் எந்த டிராயர் என்பது அவர் மண்டையில் மட்டும்தான் இருக்கிறது. அதுபோக, நோயாளிகள். பரேலில் இருக்கும் டாடா மெமோரியல், 1941லிருந்து இருக்கும் ஆஸ்பத்திரி, அங்கே வைத்தியத்துக்குப் போகிறவர்கள் வெளியில் எடுத்த ஸ்லைடையும் பிளாக்கையும் கொண்டுபோக வேண்டும். எங்கள் கவுன்ட்டரிலும் தினம் நாலு பேர் வந்து நிற்பார்கள். சேலத்திலிருந்து வந்த ஒரு அம்மா பிளாக்கை மஞ்சள் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். படத்தை மெயிலில் அனுப்ப முடியாதா என்று மகன் கேட்டான். படத்தை அனுப்பலாம், ஆனால் மேற்கொண்டு சாயம் போட்டுப் பார்க்கப் பிளாக் வேண்டுமே. மெழுகை மெயிலில் அனுப்ப முடியாது. மாமாதான் வெயிலில் வைக்காதீர்கள் என்று இந்தியில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன்.

வாட்ஸாப் விஷயமும் ஒன்று. அழகான படம் என்று யாரோ திரையைப் போட்டோ எடுத்து குரூப்பில் போட்டுவிட்டார்கள், ஓரத்தில் லேபிள், லேபிளில் நோயாளியின் பெயர். கெட்ட எண்ணம் இல்லை. 2023ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது, ஆனால் எங்களில் யாருக்கும் அதைப் பற்றி அரை மணி நேரம்கூட யாரும் பேசியதில்லை. கண்ணாடி ஸ்லைடை யாரும் குரூப்பில் போட முடியாது. படத்தைப் போடலாம். இது புது ஆபத்து, இதற்கும் பாடம் வேண்டும்.

இப்போது வந்திருக்கும் பிரச்சினை, போன மாதம் ஒட்டிய நோட்டீஸ். ஸ்கேனர் ஆபரேட்டர், நிரந்தரப் பணி. தகுதி: ஏதாவது ஒரு பட்டம், கம்ப்யூட்டர் அறிவு. எங்கள் லேப் டெக்னாலஜி டிப்ளமோவான டிஎம்எல்டி பற்றி ஒரு வார்த்தை இல்லை. தம்பிக்குக் கிடைத்தால் எனக்கு சந்தோஷம், அவனே எச்ஆரில் போய், அக்காவும் அண்ணனும் இல்லாமல் என்னால் முடியாது என்று சொல்லிவிட்டு வந்தான், அதைக் கேட்டவர்கள் அவனுக்கு நம்பிக்கை போதவில்லை என்று எழுதிக்கொண்டார்களாம். எங்களுக்கோ ஒன்றரை வருடமாக இதெல்லாம் கூடுதல் பொறுப்பு, பதவிப் பெயரும் பழையது, சம்பளமும் பழையது. 2021ல் மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கென்று தேசிய ஆணையச் சட்டம் வந்தது, லேப் டெக்னாலஜிஸ்டுகளும் அதில் உண்டு. ஆனால் எங்கள் மாடிக்கு அது இன்னும் ஏறி வரவில்லை.

மேனேஜரிடம் பேசினேன். நீங்கள் ஸ்கேனரில் என்னதான் செய்கிறீர்கள் என்று எழுதிக்கொடுங்கள், பார்க்கிறேன் என்றார். நல்ல மனிதர்தான். நானும் அண்ணனும் தம்பியும் மூன்று நாள் மதியம் உட்கார்ந்து எழுதினோம். கட்டிங் தரம் பார்ப்பது, காய்ந்ததா என்று பார்ப்பது, ஓரம் துடைப்பது, துண்டு எண்ணுவது, கன்ட்ரோல் படம் ஒப்பிடுவது, பார்கோடு தகராறு, பழைய ஸ்லைடு, சர்வர் என்று பதினொரு வரி வந்தது. ஒரு பக்கத்துக்குள் சுருக்குங்கள் என்று திருப்பி அனுப்பினார், சிவப்புப் பேனாவில் சில வரிகளை அவரே அடித்தும் இருந்தார். நாலாவது வரி, கிராஸிங் குறிப்போடு துண்டுகளை எண்ணி ஒத்துப்பார்ப்பது, தினம் ஐம்பது நிமிடம். பக்கத்தில், இது மெஷினே செய்யாதா என்று எழுதியிருந்தார்.

சித்தப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் படித்தார். "எங்ககிட்ட இப்படி யாரும் எழுதிக் கேக்கவே இல்லட்டி" என்றார்.

வேறு இரண்டு வரியை வெட்டி ஒரு பக்கத்துக்குள் கொண்டுவந்துவிட்டேன். நாலாவது வரியை மறுபடியும் அதே இடத்தில் வைத்திருக்கிறேன். நாளைக்குக் காலையில் கொடுக்க வேண்டும்.